பக்கத்து வீட்டு வரி எங்கள் பெயரில்: வழக்குப் போட்டால் திருந்துமா?

கேள்வி:
வணக்கம். அப்பா காலமான பிறகு பெயர் மாற்றத்துக்காக ரசீதுகளை எடுத்துப் பார்த்தபோதுதான், நகராட்சிப் பதிவேட்டில் எங்கள் வரிவிதிப்பு எண்ணில் பக்கத்து மாடி வீட்டின் பரப்பளவும், அவர்கள் எண்ணில் எங்கள் தரைத்தள வீட்டின் பரப்பளவும் மாறிப் பதிவாகியிருப்பது தெரிந்தது. எங்கள் கதவு எண் 14, அவர்களுடையது 14ஏ. அந்த ‘ஏ’ எங்கோ விடுபட்டுவிட்டது. 9 அரையாண்டுகளாக இல்லாத மாடிக்கு வரி கட்டியிருக்கிறோம். சேர்ந்து மனுக் கொடுக்கலாம் என்று சொன்ன பக்கத்து வீட்டு அண்ணன், இப்போது நடுவிலுள்ள மூன்றடிச் சந்தும் தம்முடையது என்கிறார். நீதிமன்றம் சென்றால் இதையெல்லாம் திருத்த முடியுமா? கட்டிய பணம் கிடைக்குமா?

பதில் (ஓய்வுபெற்ற வரி வசூலர்):
வரிப் பிழைக்கு மட்டும் கோர்ட்டுப் படியேற வேண்டாம். கிரையப் பத்திர நகல், இரு வீட்டு ரசீதுகள், வாசலில் கதவு எண் தெரியும் புகைப்படம் ஆகியவற்றை இணைத்து, மறு அளவீடு கோரி நகராட்சி ஆணையருக்கு மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அளவெடுக்க வரும் நாளில் பக்கத்து வீட்டாரும் உடனிருப்பது நல்லது. அதுவரை நடப்பு வரியை நிறுத்தாதீர்கள். நிலுவை ஏறினால் தலைவலி உங்களுக்குத்தான்.

பதில் (வழக்குரைஞர்):
வரி ரசீது உரிமைமூலம் (சொத்துரிமைக்கான ஆதாரம்) ஆகாது. ஆகவே ரசீது மாறியதால் பக்கத்து வீட்டுக்காரருக்கு வீடும் வராது, சந்தும் வராது. சந்தில் அவர் உரிமை கொண்டாடினால், குறித்தளிக்கப்பட்ட பரிகாரச் சட்டம் (Specific Relief Act) 1963, பிரிவு 34-இன்படி விளம்புகையும் (உரிமை நிலையை நீதிமன்றம் அறிவிப்பது), பிரிவு 38-இன்படி நிரந்தர உறுத்துக்கட்டளையும் (தடையாணை) கோரி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கிடலாம். எல்லையை அளக்க, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 26, விதி 9-இன்கீழ் நீதிமன்றம் தன் சார்பில் ஓர் ஆணையரை நியமிக்கும்படி மனுச் செய்யுங்கள். என் அனுபவத்தில், பத்து சாட்சிகளைவிட அந்த ஆணையரின் வரைபடமே அதிகம் பேசும். மிகையாகக் கட்டிய தொகையை வருங்கால வரியில் சரிக்கட்டும்படி முதலில் நகராட்சியிடமே கேளுங்கள். தவறுதலாகக் கட்டிய பணத்துக்கு ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 72 துணை நிற்கும். பிழை தெரியவந்த நாளிலிருந்தே வழக்கிடுவதற்கான காலவரையறை ஓடும் என்பதால் அந்த நாளை மனுவில் எழுதிவையுங்கள். வழக்குக்கு முன் மூலப்பத்திரத்தின் செக்குபந்தியை (நான்கு எல்லை விவரம்) படித்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
படித்தேன் ஐயா. ‘வடக்கே பொதுச் சந்து’ என்றிருக்கிறது.

பதில் (வழக்குரைஞர்):
அப்படியானால் அதை உங்களுடையது என்று பிராதில் (வழக்கு மனுவில்) எழுதிவிடாதீர்கள். பொதுச் சந்து என்று விளம்புகை செய்யவும், அவர் அடைக்காமலிருக்க உறுத்துக்கட்டளை பிறப்பிக்கவும் மட்டும் கோருங்கள்.