மன்னர் திரும்பி வந்த காலத்துப் பத்திரங்கள்: மொரீஷியஸ், ரெயூனியன் ஊர்களிலிருந்து புரட்டிப் பார்த்தவர்கள் சொல்வது

ரோஸ் ஹில்:
இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனின் பழைய பத்திரம் கையில் கிடைத்தால் முதலில் தலைப்பில் தீவின் பெயரைப் பாருங்கள். மன்னராட்சியில் அது பூர்போன். 1793இல், மன்னரை வீழ்த்திய பிரெஞ்சுக் குடியரசு அதை ரெயூனியன் ஆக்கியது. 1806இல் பொனபார்த். 1810இல் ஆங்கிலேயர் பிடித்ததும் மறுபடி பூர்போன். மன்னராட்சி திரும்பி, பூர்போன் வம்சத்துப் பதினெட்டாம் லூயி பாரிஸில் அரியணை ஏறியது 1814இல்தான். மன்னருக்கு முன்பே அவர் வம்சத்தின் பெயர் இங்கே வந்துவிட்டது, அதுவும் எதிரியின் கையால்! 1814 மே 30 பாரிஸ் உடன்படிக்கையில் ஆங்கிலேயர் மொரீஷியஸை வைத்துக்கொண்டு பூர்போனைத் திருப்பித் தந்தார்கள். 1815 ஏப்ரலில் கைமாறியது. எனவே இடைப்பட்ட ஐந்தாண்டுப் பத்திரங்களில் ‘பூர்போன்’ என்று இருந்தாலும் நிர்வாகம் ஆங்கிலேயருடையது. 1830 ஜூலையில் பூர்போன் மன்னர் போய் ஓர்லேயான் கிளை வந்தது, தீவின் பெயரை யாரும் தொடவில்லை. 1848இல் இரண்டாம் குடியரசு வந்த பிறகே மறுபடி ரெயூனியன்.

சென் தெனி:
அண்ணே, பெயரைவிடத் தேதிதான் ஆளைக் கவிழ்க்கும். பிரெஞ்சுப் புரட்சி கொண்டுவந்த குடியரசு நாள்காட்டியில் ஆண்டு செப்டம்பர் 22, 23 அல்லது 24இல் தொடங்கும். மாதம் 12, ஒவ்வொன்றுக்கும் 30 நாள், கடைசியில் உபரி 5 நாள். 3, 7, 11ஆம் ஆண்டுகளில் மட்டும் 6. ஆண்டை மாற்ற எளிய வழி: முதல் மூன்று மாதங்களான வாந்தேமியேர், ப்ருயுமேர், ஃப்ரிமேர் என்று இருந்தால் ஆண்டு எண்ணோடு 1791ஐக் கூட்டுங்கள். ப்ளுவியோஸ் முதல் ஃப்ருக்திதோர் வரை என்றால் 1792. நடுவில் நிற்கும் நிவோஸில் கவனம் வேண்டும்: அந்த மாதம் 10 முதல் 12க்குள்தான் ஜனவரி 1 விழும், அதற்கு முன் 1791, அதிலிருந்து 1792. 8ஆம் ஆண்டு ப்ருயுமேர் 18ஐப் போட்டுப் பாருங்கள்: 1799 நவம்பர் 9, நெப்போலியன் ஆட்சியைப் பிடித்த நாள். பாரிஸ் இந்த நாள்காட்டியை 1806 ஜனவரி 1இல் கைவிட்டது. கப்பலில் செய்தி வர மாதங்கள் ஆகும் என்பதால், தீவுப் பத்திரத்தில் அதற்குப் பின்னும் பழைய தேதி இருந்தால் போலி என்று தூக்கிப் போடாதீர்கள்.

போ பசேன்:
திரும்பி வந்த மன்னர்கள் ஆண்டை எண்ணும் விதம் தனி வேடிக்கை. 1814 ஜூன் 4இல் பதினெட்டாம் லூயி வழங்கிய அரசியலமைப்புச் சாசனம் ‘எமது ஆட்சியின் 19ஆம் ஆண்டு’ என்று முடிகிறது. அரியணையில் அமர்ந்து சில வாரம்தான்! சிறையில் இறந்த சிறுவன் பதினேழாம் லூயியின் மரணத்திலிருந்து, அதாவது 1795 ஜூன் 8இலிருந்து எண்ணுகிறார். இடையில் இருந்த குடியரசும் பேரரசும் கணக்கிலேயே இல்லை. தேதி ஜூன் 8க்கு முன் என்றால் ஆட்சியாண்டோடு 1795ஐக் கூட்டுங்கள், பின் என்றால் 1794ஐ. இங்கிலாந்தில் இரண்டாம் சார்லஸும் இதையே செய்தார். 1660 மேயில் வந்து இறங்கியவரின் சட்டங்கள் 12ஆம் ஆட்சியாண்டு என்று பதிவாகின, தந்தையின் தலை போன 1649 ஜனவரி 30தான் தொடக்கம். அங்கே இன்னொரு பொறியும் உண்டு: 1752க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது. ‘1660 பிப்ரவரி’ என்று இருந்தால் நம் கணக்கில் 1661. சோழர் கல்வெட்டில் ‘யாண்டு’ பார்த்துப் பழகியவர்களுக்கு இதெல்லாம் சிரமமில்லை.

கத்ர் போர்ன்:
ராஜா வந்தால் பறித்த நிலமும் திரும்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடக்கவில்லை. இங்கிலாந்தில் அரச நிலமும் திருச்சபை நிலமும் திரும்பின. ஆனால் அபராதம் கட்டுவதற்காக அரச ஆதரவாளர்கள் தாங்களே விற்ற நிலம் போனது போனதுதான். பிரான்ஸில் சாசனத்தின் 9ஆம் பிரிவு, புரட்சிக் காலத்தில் அரசு விற்ற நிலமும் வாங்கியவருக்கே என்று உறுதி சொன்னது. வாங்கியவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், கை வைத்திருந்தால் மன்னர் மறுபடி கப்பல் ஏற வேண்டியதுதான். விற்காமல் கிடந்ததை மட்டும் 1814 டிசம்பர் சட்டம் பழைய உரிமையாளருக்குத் தந்தது. மற்றவர்களுக்கு 1825இல் ஈட்டுப்பணம்: 3 விழுக்காடு வட்டிப் பத்திரம், ஆண்டுக்கு 3 கோடி பிராங்க், அதாவது அசல் 100 கோடி. நம் தீவுகளுக்கு இந்தக் கணக்கை அப்படியே கொண்டுவராதீர்கள். காலனிகளுக்குத் தனிச் சட்டம் என்று 73ஆம் பிரிவு ஒதுக்கிவிட்டது.

சென் பியேர்:
குடும்ப வேர் தேடுகிறவர்களுக்கு. குடியரசு 1794 பிப்ரவரி 4இல் அடிமை முறையை ஒழித்தது. ஆனால் அந்த ஆணையோடு 1796இல் வந்த அரசுப் பிரதிநிதிகள் பாக்கோ, புர்னெல் இருவரையும் மொரீஷியஸ் தோட்டக்காரர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரெயூனியனிலும் அந்த ஆணை நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே ‘ரெயூனியன்’ என்று தலைப்பிட்ட குடியரசுக் காலப் பத்திரத்திலும் ஆள் விற்பனை இருக்கும், ‘மலபார்’ என்று குறித்த நம்மவர்களும் அதில் இருப்பார்கள். திரும்பி வந்த மன்னருக்கு இதில் மாற்ற எதுவும் இருக்கவில்லை. ரெயூனியனில் விடுதலை 1848 டிசம்பர் 20. குடும்பப் பெயர் கொடுத்துத் தனிப் பதிவேட்டில் எழுதியது அப்போதுதான். அதற்கு முந்தைய தாள்களில் ஒற்றைப் பெயரை வைத்துத் தேடினால் கிடைப்பது அபூர்வம். உரிமையாளர் பெயரைப் பிடித்து, அவருடைய சொத்துப் பட்டியல், பாகப்பிரிவினைப் பத்திரம் வழியாகப் போங்கள்.