ஒடிஸி: ஐமேக்ஸில் பார்த்த பிறகு 4கே டிஸ்க் வாங்கலாமா, ஓடிடி போதுமா?

நூல்மில்_ரசிகன் (திருப்பூர்):

எல்லாருக்கும் வணக்கமுங்க. நோலனின் 'தி ஒடிஸி' டிரெய்லர் பார்த்ததில் இருந்து 2026 ஜூலை 17 எப்போது வரும் என்று இருக்கிறேன். முழுப் படத்தையும் ஐமேக்ஸ் ஃபிலிம் கேமராவிலேயே எடுத்திருக்கிறார்கள் என்பதால் முதல் தடவை கோயமுத்தூர் பிராட்வே ஐமேக்ஸில்தான் பார்ப்பேன். அதில் குழப்பம் இல்லை.

குழப்பம் அதற்கு அப்புறம்தான். வீட்டில் 55 இஞ்ச் 4கே டிவி, ஒரு சவுண்ட்பார், 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் 499 ரூபாய் பிளான். "ஓடிடியில் வரும்போது பார்த்துக்கொள், டிஸ்க் எல்லாம் வீண் செலவு" என்கிறான் நண்பன். எனக்கு என்னவோ இந்தப் படத்தை டிஸ்கில் வாங்கி வைக்க வேண்டும் போல இருக்கிறது. உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா? எந்த பிளேயர் வாங்குவது?

இன்னொன்று. அப்பா சேர்த்த தமிழ் விசிடி, டிவிடி இரண்டு அட்டைப்பெட்டி நிறையக் கிடக்கிறது. பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம் என்று அம்மா சொல்கிறார்கள். போடலாமா?

கோவை_மேட்னி:

டிக்கெட் விஷயம் மட்டும் நான் சொல்கிறேன். ஐமேக்ஸ் ஃபிலிமின் முழுச் சட்டகம் அகலத்துக்கும் உயரத்துக்கும் 1.43:1 விகிதம், கிட்டத்தட்ட சதுரம். கோவை பிராட்வே, சென்னையில் வேளச்சேரி லக்ஸ், வடபழனி பலாஸோ எல்லாமே டிஜிட்டல் புரொஜெக்டர். அவற்றில் 1.90:1தான் கிடைக்கும். மேலேயும் கீழேயும் கொஞ்சம் போகும். அதற்காக வருத்தப்பட வேண்டாம், சாதாரணத் திரையை விட மிகவும் உயரமாகத்தான் இருக்கும்.

முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள். 'இன்டர்ஸ்டெல்லர்' மறுவெளியீடு நினைவிருக்கிறதா? 2024 டிசம்பரில் மற்ற நாடுகளில் ஓடியபோது நம்மூர் ஐமேக்ஸ் திரைகளில் 'புஷ்பா 2' இருந்தது. நமக்கு 2025 பிப்ரவரி 7 அன்றுதான் வந்தது. ஐமேக்ஸ் திரைகள் விரல் விட்டு எண்ணும் அளவில் இருக்கும் ஊரில் அடுத்த பெரிய படம் வந்தால் நம் படம் போய்விடும்.

பழைய_கேபின் (பெரம்பூர்):

தம்பி, வித்தியாசம் தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்லிவிட்டு, ஏன் வாங்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் உங்கள் பிளான். நெட்ஃபிளிக்ஸ் 499 ரூபாய் பிளானில் 1080பிதான் வரும், 4கே வேண்டும் என்றால் 649 பிளான். ஆக நீங்கள் 4கே டிவி வாங்கிய பிறகும் அதில் 4கே பார்த்திருக்க மாட்டீர்கள். பிளானை மாற்றினாலும் 4கே படத்துக்கு அவர்கள் கேட்கும் இணைய வேகம் 15 எம்பிபிஎஸ்தான். உங்களிடம் 100 இருந்தாலும் அவர்கள் சுருக்கி அனுப்புவதுதான் வந்து சேரும். 4கே டிஸ்க் 50, 66 அல்லது 100 ஜிபி கொள்ளும், 100 ஜிபி டிஸ்கில் வேகம் உச்சத்தில் 100 எம்பிபிஎஸ்ஸையும் தாண்டும். வெயிலில் எடுத்த காட்சியில் இது பெரிதாகத் தெரியாது. இருட்டு, புகை, பனிமூட்டம், இரவுக் கடல் என்று வரும்போது பாருங்கள். ஸ்ட்ரீமிங்கில் கறுப்பு பட்டை பட்டையாக உடையும், ஃபிலிமில் இருக்கும் மணல் போன்ற துகள் மெழுகாக வழிந்துவிடும். ஒடிஸி முழுக்க ஃபிலிமில் எடுத்த கடல் படம், யோசித்துப் பாருங்கள்.

சத்தத்தில் இன்னும் பெரிய இடைவெளி. ஓடிடியில் வரும் டால்பி சுருக்கப்பட்ட ஒலி. டிஸ்கில் இழப்பில்லாத ஒலி. நோலனின் முந்தைய படம் 'ஓப்பன்ஹைமர்' டிஸ்கில் இருப்பது டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ 5.1. உங்கள் சவுண்ட்பார் டிடிஎஸ் ஏற்குமா என்று பெட்டியைப் பாருங்கள், பல சவுண்ட்பார்கள் ஏற்பதில்லை. ஏற்காவிட்டால் பிளேயரில் ஒலியை பிசிஎம் (பிளேயரே பிரித்து அனுப்பும் ஒலி) என்று மாற்றிக்கொள்ளலாம்.

பிளேயர்: வீட்டில் யாரிடமாவது டிஸ்க் போடும் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5 கேம் பெட்டி) இருந்தால் தனியாக வாங்கவே வேண்டாம், அது 4கே டிஸ்க் ஓட்டும். பிஎஸ்4 ஓட்டாது. வெளிச்சத்தையும் நிறத்தையும் கூட்டிக் காட்டும் முறைகளில் டால்பி விஷன் ஒன்று, எச்டிஆர்10 இன்னொன்று. பிஎஸ்5 டிஸ்கில் இருக்கும் டால்பி விஷனைக் காட்டாதுதான், ஆனால் நோலன் டிஸ்குகள் எச்டிஆர்10இல் வருபவை, அதனால் இழப்பில்லை. தனி பிளேயர் என்றால் சீக்கிரம் முடிவு செய்யுங்கள். சாம்சங் 2019லேயே ப்ளூ-ரே பிளேயரில் இருந்து விலகிவிட்டது, எல்ஜியும் 2024இல் நிறுத்திவிட்டது.

காத்திருக்கும் காலத்தையும் பார்த்துவிடுவோம். 'ஓப்பன்ஹைமர்' 2023 ஜூலை 21 தியேட்டருக்கு வந்தது. அமெரிக்காவில் டிஸ்க் நவம்பர் 21. முதல் வாரத்திலேயே 4கே டிஸ்க் கடைகளில் தீர்ந்துபோய் மறுபடி அச்சடித்தார்கள். இந்தியாவில் ஜியோ சினிமாவுக்கு வந்தது 2024 மார்ச் 21. ஓடிடிதான் முதலில் வரும் என்று உங்கள் நண்பர் நினைத்தால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

சரி, ஏன் வாங்க வேண்டும்?

நான் வடசென்னையில் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவன். படப்பெட்டி வரும் காலம். பெரிய நகரமான ஏ சென்டரில் ஓடி, சின்ன ஊர்களான பி, சி சென்டர் எல்லாம் சுற்றிவிட்டு வரும் பிரிண்டில் மழை பெய்வது போலக் கோடு விழுந்திருக்கும். அறுந்த இடத்தை ஒட்டி ஒட்டியே வசனம் குறைந்திருக்கும். சில பெட்டியில் ஒரு பாட்டே இருக்காது, எந்த ஊரில் வெட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் அது ஒரு பொருளாக இருந்தது. கையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் படம் தெரியும்.

இன்றைக்கு தியேட்டருக்கு வருவது பூட்டிய கோப்பு. அதைத் திறக்கிற சாவிக்கு தேதி உண்டு. தேதி முடிந்தால் ஹார்ட் டிஸ்க் இருந்தும் படம் ஓடாது. வீட்டுக்கு வருவது ஓடிடி. அதற்கும் ஒப்பந்தத் தேதி உண்டு. அப்படியென்றால் ஒரு தமிழ்ப் படம், அதன் ரசிகனிடம் எங்கேதான் இருக்கிறது? இந்தக் கேள்வி என்னைத் தூங்க விடுவதில்லை, உண்மையாகச் சொல்கிறேன்.

'அன்னபூரணி' 2023 டிசம்பர் 1 தியேட்டரில் வந்தது, மாதக் கடைசியில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது, ஜனவரியில் புகார்கள் எழுந்ததும் அங்கிருந்து எடுக்கப்பட்டது. படம் சரியா தவறா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. டிஸ்க் வந்திருந்தால் வாங்கியவர் வீட்டில் இருந்திருக்கும், பார்த்துவிட்டு அவரவர் முடிவு செய்திருப்பார்கள். காசு கொடுத்து டிஜிட்டலில் "வாங்கிய"வருக்கும் இதே கதிதான். வாங்குவது உரிமம் மட்டுமே என்று வாங்குபவரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் சட்டமே போட்டு, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

நமக்கு இது புதிதும் இல்லை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்'. அதற்கு இன்று ஒரு பிரதி கிடையாது. இன்னொரு பக்கம் பாருங்கள். சத்யஜித் ரேயின் அபு வரிசைப் படங்களின் நெகட்டிவ் 1993இல் லண்டன் தீ விபத்தில் வெந்துபோனது. கருகியதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள். பிறகு இத்தாலியில் போலோன்யாவில் அதைப் பதப்படுத்தி, மீட்க முடிந்த அளவு மீட்டு, மீதியை வேறு பிரதிகளில் இருந்து எடுத்துச் சேர்த்து, 2015இல் 4கே மீட்புப் பிரதி வந்தது. அதை இன்று டிஸ்காக வாங்கி அலமாரியில் வைக்கலாம். 'கர்ணன்' 2012இல் மெருகேற்றி வந்தபோது சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடியதே, அந்தக் கூட்டம் காசு கொடுத்துத்தானே வந்தது? நல்ல பிரதி கொடுத்தால் நம் ஆட்கள் வாங்க மாட்டார்கள் என்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

ஒடிஸி டிஸ்க் வாங்குங்கள் தம்பி. அப்பாவின் பெட்டியை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

அறந்தாங்கி_வாசகன்:

கேபின் அண்ணன் சொல்வதில் பாதி எனக்கு உடன்பாடு. மீதிக்கு ஒரு சொல். எங்கள் ஊர்ப் பக்கம் மலையாளப் படமோ கொரியப் படமோ தியேட்டரில் வந்ததே இல்லை. டிஸ்க் கடையும் இருந்ததில்லை, இருந்தது திருட்டு விசிடிதான். எனக்கு உலக சினிமாவைக் காட்டியது ஓடிடி. சந்தாவை நண்பர்கள் சேர்ந்து கட்டி, சப்டைட்டிலோடு படித்துப் படித்துப் பார்த்தோம். ஒரு 4கே டிஸ்க் அமெரிக்காவில் இருந்து வர வேண்டும் என்றால் விலை, தபால், சுங்கம் எல்லாம் சேர்ந்து எங்கள் வீட்டு மாத இணையச் செலவைத் தாண்டும். வசதி உள்ளவர் வாங்கட்டும், ஆனால் டிஸ்க் இல்லாதவன் ரசிகனே இல்லை என்ற பேச்சு இங்கே வந்துவிடக் கூடாது.

பழைய_கேபின்:

அப்படி நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன் அறந்தாங்கித் தம்பி. நீங்கள் பார்த்த படங்களை நான் தியேட்டரில் ஓட்டியதே கிடையாது, ஓடிடி வந்த பிறகுதான் நானும் பார்த்தேன். பார்ப்பதற்கு ஓடிடி இருக்கட்டும். வைத்துக்கொள்வதற்கும் ஒரு வழி வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. எல்லாப் படத்தையும் வாங்கச் சொல்லவில்லை. ஆண்டுக்கு ஒன்று, உயிரான படம் ஒன்று, போதும்.

தேம்ஸ்_கரை (லண்டன்):

நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில் இருக்கிறேன். இங்கே வாட்டர்லூவில் இருக்கிற பிஎஃப்ஐ ஐமேக்ஸில் 70 எம்எம் ஃபிலிமில் ஒடிஸி வருகிறது. 70 எம்எம் காட்சிகளுக்கு ஒரு வருடம் முன்னரே, 2025 ஜூலையில், டிக்கெட் விற்கத் தொடங்கிவிட்டார்கள்.

டிஸ்க் வாங்குபவர்களுக்கு ஒரு விஷயம். 4கே டிஸ்குக்கு மண்டலப் பூட்டு கிடையாது, எங்கே வாங்கினாலும் உங்கள் பிளேயரில் ஓடும். அதோடு சேர்த்துத் தருகிற சாதாரண ப்ளூ-ரேக்குப் பூட்டு இருக்கலாம். இங்கே மண்டலம் பி, அமெரிக்கா ஏ, இந்தியா சி. நோலன் படங்களில் கூடுதல் காட்சிகள் பெரும்பாலும் அந்த ப்ளூ-ரேயில்தான் இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

கேபின் ஐயா எழுதியதை வாசித்தபோது எனக்கு ஈஸ்ட் ஹாம் கடைகள்தான் ஞாபகம் வந்தது. 2000களில் தமிழ்ப் பட டிவிடி நல்ல தரத்தில் வந்தது என்றால் அதற்குப் புலம்பெயர்ந்த நாங்களும் ஒரு காரணம். தமிழ்ப் பட டிவிடி வெளியிட்ட ஐங்கரன் லண்டன் கம்பெனிதானே. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து மரக்கறி, மீன் வாங்கும் கடையிலேயே புது டிவிடியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். பிறகு ஓடிடி வந்தது, நாங்கள் வாங்குவதை நிறுத்தினோம், கடைக்காரர் அந்தத் தட்டில் ஃபோன் கவர் அடுக்கிவிட்டார். தமிழ் ப்ளூ-ரே ஏன் வருவதில்லை என்று இன்று கதைக்கிற நாங்கள், வாங்க ஆள் இருக்கிறது என்று தயாரிப்பாளருக்குக் காட்ட வேண்டும். முன்பதிவு எடுத்து, இத்தனை பேர் சேர்ந்தால் அச்சடிப்போம் என்கிற முறையில் சிறிய கம்பெனிகள் இங்கே பழைய படங்களை வெளியிடுகின்றன. தமிழ்ப் படத்துக்கு அப்படி யாராவது தொடங்கினால் முதல் பெயர் என்னுடையது.

நூல்மில்_ரசிகன்:

எல்லாருக்கும் நன்றிங்க. 499 பிளான் விஷயம் தெரியாமலே இவ்வளவு நாள் ஓட்டியிருக்கிறேன். மச்சான் வீட்டில் டிஸ்க் போடும் பிஎஸ்5 இருக்கிறது, ஒரு டிஸ்க் வாங்கி அங்கே போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன். அப்பாவின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மோசர் பேர் கம்பெனி டிவிடி நிறைய இருக்கிறது, 34 ரூபாய் விலை அச்சடித்தபடியே. விசிடி சிலவற்றில் வெள்ளையாகப் பூசணம் பிடித்திருக்கிறது. கேபின் அண்ணா, அதை எல்லாம் என்ன செய்வது?

பழைய_கேபின்:

பூசணம் பிடித்ததை முதலில் தனியாக எடுத்து வையுங்கள், மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். சுத்தமான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மிருதுவான துணியால் நடுவில் இருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடு போகும், படிக்காது. எழுத்து அச்சடித்த பக்கத்தை அழுத்தவே கூடாது, விசிடியில் படம் பதிந்த படலம் அந்த அச்சுக்கு அடியில்தான் இருக்கிறது. நிழலில் உலர்த்தி, உறையில் போட்டு, புத்தகம் போல நிற்க வையுங்கள்.

விசிடியின் தரம் 352க்கு 288தான், 55 இஞ்ச் டிவியில் மங்கலாகத்தான் இருக்கும். அதனால் எல்லாவற்றையும் காப்பாற்றப் பாடுபட வேண்டாம். பெரிய நடிகர்களின் படங்களுக்கு நல்ல பிரதி எங்கேயாவது இருக்கும். எந்த ஓடிடியிலும் இல்லாத, யூடியூபிலும் இல்லாத, பெயரே மறந்துபோன படங்கள் இருந்தால் அவைதான் முக்கியம். பழைய கம்ப்யூட்டரில் டிவிடி டிரைவ் இருந்தால் அவற்றை முதலில் ஹார்ட் டிஸ்கில் ஏற்றுங்கள், இரண்டு இடத்தில் வையுங்கள்.

படப் பெயர்களை எழுதி இங்கேயே போடுங்கள் தம்பி. 1980க்கு முந்தியது எது இருந்தாலும் மேலே எழுதுங்கள். எதற்கு வேறு பிரதி இருக்கிறது, எதற்கு இல்லை என்று நானும் தேம்ஸ்_கரை தம்பியும் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்துச் சொல்கிறோம்.