1978 யாங்கீஸ் – ரெட் சாக்ஸ்: ஆட்டம் திரும்பியது எங்கே?

கேள்வி:
1978 அக்டோபர் 2, பாஸ்டன் ஃபென்வே பார்க், அமெரிக்க பேஸ்பால் அணிகளான நியூயார்க் யாங்கீஸும் பாஸ்டன் ரெட் சாக்ஸும் மோதிய ஆட்டம். எல்லாரும் யாங்கீஸின் பக்கி டென்ட் அடித்த ஹோம் ரன்னைத்தான் (பந்தை எல்லைச் சுவருக்கு வெளியே அடிப்பது) சொல்கிறார்கள். ஆனால் ஜூலையில் பட்டியலில் யாங்கீஸைவிட 14 ஆட்டம் முன்னால் இருந்த ரெட் சாக்ஸ், கடைசியில் 99 வெற்றியோடு சமமாக நின்று, முதலிடத்தை முடிவு செய்யும் இந்த ஒற்றை ஆட்டத்துக்கு வந்ததுதானே பெரிய சறுக்கல்?

பதில் 1:
சரிதான், ஆனால் ரெட் சாக்ஸ் கடைசி 8 ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்துத்தான் சமன் செய்தார்கள், அதை மறக்கக் கூடாது. டென்ட் அடித்தது ஏழாவது இன்னிங்ஸில், யாங்கீஸ் 2-0 பின்தங்கியிருந்தபோது. அவர் அடித்த பந்து அவர் காலிலேயே பட்டு நொண்டினார், அப்புறம் மட்டையை மாற்றிக்கொண்டு வந்து அடுத்த பந்தை ஃபென்வேயின் அந்த 37 அடி உயர இடதுபக்கச் சுவரைத் தாண்டித் தூக்கினார். அந்த சீசனில் அதற்கு முன் அவர் அடித்தது நாலே ஹோம் ரன்!

பதில் 2:
என் ஓட்டு யாங்கீஸின் வலதுபக்க ஃபீல்டர் பினியெல்லாவுக்கு. ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸ், யாங்கீஸ் 5-4 முன்னிலை. ரெட் சாக்ஸின் ரெமி அடித்த பந்து வெயிலில் பினியெல்லாவின் கண்ணுக்குத் தெரியவே இல்லை, இருந்தும் குத்தி எழும்பியதைக் கையை நீட்டிப் பிடித்துவிட்டார். விட்டிருந்தால் ஓடிக்கொண்டிருந்த ரெட் சாக்ஸின் பர்ல்சன் மூன்றாவது பேஸுக்குப் போயிருப்பார், அடுத்து அதே அணியின் ரைஸ் தூக்கி அடித்தது கேட்சானாலும் அங்கிருந்து ஓடி ஓட்டம் எடுத்து 5-5 ஆக்கியிருப்பார்.

கேட்டவர்:
அதன் பிறகு ரெட் சாக்ஸின் யாஸ்ட்ரெம்ஸ்கி கேட்ச் கொடுத்து ஆட்டம் முடிந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. 39 வயசில், அன்றைக்கு முதல் ஹோம் ரன் அடித்தவரே அவர்தான்.