மடித்த மூலை ஏற்காட்டில் இருந்தா வந்தது?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்: ஆட்டோகிராஃப் ஏட்டில் பக்கத்தின் மூலையை மடித்து, மேலே 'பிரிக்காதே' என்று எழுதுவோமே, அந்த வழக்கம் ஏற்காடு கான்வென்ட்டில் இருந்து சேலத்துக்கு இறங்கி வந்ததாம். நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததில் இருந்து வயிறு எரிகிறது. நகராட்சிப் பள்ளியில் படித்த எங்களுக்கு ஒரு தாளை மடிக்கக்கூட மலையில் இருந்து ஆள் வரணுமா?

ஒண்டிக்கடை: எழுதியவன் நான்தான். ஏற்காடு மான்ஃபோர்ட் பள்ளி தொடங்கியது 1917ல். பிரியும்போது ஆல்பம் நீட்டுவதோ 16ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மாணவர்கள் தொடங்கிவைத்த பழக்கம். அது முதலில் மலைக்கு வராமல் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கா வரும்?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்: ஆல்பத்தைப் பற்றி யார் கேட்டது? மூலை. மடித்த மூலை. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

அம்மாபேட்டை அக்கா: என் ஆட்டோகிராஃப் இப்போது கையில்தான் இருக்கிறது. ரோஸ் தாள், ஓரத்து ஜிகினா உதிர்ந்துவிட்டது. மூலையைப் பிரித்தால், 'ஏட்டில் எழுதினால் கரையான் அரிக்கும், நெஞ்சில் எழுதினேன் நீதான் காக்கணும்'. எழுதியவள் தறிக்காரர் மகள். ஏற்காடு பஸ்ஸில் கால் வைத்தவளே இல்லை. எதிர்ப்பக்கத்தில் எங்கள் பெரிய டீச்சர் பச்சை மையில் 'புணர்ச்சி பழகுதல் வேண்டா' குறளை எழுதியிருக்கிறார்.

நாலுரோடு: குறளெல்லாம் ஆட்டோகிராஃப் வரியா? அது கரும்பலகைக்கு. படித்தால் அழுகை வரணும்.

அம்மாபேட்டை அக்கா: பிரிகிற பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும் தம்பி? கூடவே இருந்து பழகாவிட்டாலும் மனசு ஒத்தால் நட்பு நிற்கும் என்கிறார் வள்ளுவர். வகுப்பில் கவனித்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஒண்டிக்கடை: 1976ல் பிளஸ் டூ முடித்த என் அண்ணன் ஆல்பத்தில் பக்கத்துக்குப் பக்கம் மூலை மடித்திருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்: தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்ததே 1978ல்! அதற்கு முன்னால் பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி., அப்புறம் பி.யூ.சி. இல்லாத வகுப்பை முடித்த அண்ணனின் மூலையை நான் நம்பணுமா? போன மாசம் தட்டுவடை செட் விவாதத்திலும் இப்படித்தான் அளந்தீர்கள்.

நாலுரோடு: தட்டுவடையை ஏன் இழுக்கிறீர்கள்? அதில் அவர் சொன்னதுதான் சரி.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்: காரச் சட்னி இல்லாமல் செட்டா? உங்கள் நாக்கையும் பார்த்தாச்சு. மூலைக்கு வாருங்கள்.

ஒண்டிக்கடை: வருஷம் முன்னே பின்னே இருக்கலாம். மூலை மடித்திருக்கிறதே! ஞாயிற்றுக்கிழமை படம் போடுகிறேன். அது மலையில் இருந்துதான் வந்தது.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்: வரவில்லை. படத்தில் தேதியும் தெரியணும்.