பழைய ராக்கெட் மோட்டார்களை நண்பருக்குத் தபாலில் அனுப்பலாமா?

கொலம்பஸ்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரில் வசிக்கிறேன். ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகளும் நானும் இரண்டு ஆண்டுகளாக மாதிரி ராக்கெட்டுகளைக் கட்டிப் பறக்கவிட்டு வருகிறோம். ஹூஸ்டனில் இருக்கும் என் கல்லூரித் தோழர் இந்தப் பொழுதுபோக்கை விட்டுவிட்டதால், தம்மிடம் மீந்திருப்பவற்றை எங்களுக்கே தந்துவிட விரும்புகிறார். எஸ்டெஸ் நிறுவனத்தின் சி6-5, டி12-5 மோட்டார்கள் இருபத்தைந்து, உறை பிரிக்காமல் அப்படியே இருக்கின்றன. அவற்றுடன் கலவை எரிபொருள் கொண்ட 29 மில்லிமீட்டர் ஜி வகை மோட்டார்கள் மூன்றும், மோட்டாரைப் பற்றவைக்கும் இக்னைட்டர்கள் ஒரு கைப்பிடியும், எரிபொருளை மறுபடி நிரப்பிப் பயன்படுத்தும் அலுமினியக் கேசிங் (மோட்டாரின் வெளிக்குழாய்) ஒன்றும் உள்ளன.

இவற்றைத் தபாலில் அனுப்பலாமா என்று விசாரித்தபோது மூன்று விதமான பதில்கள் கிடைத்தன. 2009ஆம் ஆண்டிலேயே நீதிமன்றம் இவை வெடிபொருள் அல்ல என்று சொல்லிவிட்டது, தாராளமாக அனுப்பலாம் என்றார் ஒருவர். பெட்டியின்மேல் 'பொழுதுபோக்குப் பொருள்கள்' என்று எழுதிப் பல ஆண்டுகளாக அனுப்பிவருவதாகச் சொன்னார் இன்னொருவர். மூன்றாமவர் சிறைத் தண்டனை வரை போகும் என்று எச்சரித்தார். கடையில் சிறுவர்களின் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கும் ஒரு பொருளை, அதுவும் விற்பனையாளர்கள் வீட்டுக்கே அனுப்பிவைக்கும் ஒரு பொருளை, நண்பர் எனக்கு அனுப்ப முடியாமற்போவது ஏன் என்று விளங்கவில்லை. விவரம் அறிந்தவர்கள் தெளிவுபடுத்தினால் நன்றியுடையவனாவேன்.

ஏவுதளத்தார்

வணக்கம். உங்கள் கேள்விக்கு நேரடியான பதில், மோட்டார்களையும் இக்னைட்டர்களையும் உங்கள் தோழர் தபாலில் சேர்க்கக்கூடாது என்பதே. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தப் பொழுதுபோக்கில் பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களே இதில் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன்.

2009ஆம் ஆண்டுத் தீர்ப்பிலிருந்து தொடங்குகிறேன். மாதிரி ராக்கெட் ஆர்வலர்களின் இரு பெரிய அமைப்புகளான தேசிய ராக்கெட்டரி சங்கமும் டிரிபோலி ராக்கெட்டரி சங்கமும், வெடிபொருள்களைக் கட்டுப்படுத்தும் கூட்டாட்சி அமைப்பான ஏ.டி.எஃப்பின் மீது 2000ஆம் ஆண்டில் வழக்குத் தொடர்ந்தன. அமோனியம் பெர்குளோரேட் கலவை எரிபொருளை அந்த அமைப்பு வெடிபொருள் பட்டியலில் வைத்திருந்தது சரியா என்பதுதான் வழக்கு. ஒன்பது ஆண்டு இழுபறிக்குப் பிறகு 2009 மார்ச்சில் வாஷிங்டன் நீதிமன்றம் சங்கங்களின் பக்கம் தீர்ப்பளித்தது. எரிபொருளும் பட்டியலிலிருந்து நீங்கியது. அதனால் விளைந்த நன்மை பெரியது: பெரிய மோட்டார்களை வாங்கவும் வீட்டில் வைத்துக்கொள்ளவும் அந்த அமைப்பின் அனுமதிச் சீட்டு தேவைப்படாமற்போயிற்று. ஆனால் அந்தத் தீர்ப்பு வாங்குவதையும் சேமித்துவைப்பதையும் பற்றியது. ஒரு பொருளை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்லும் விதிகளை வகுப்பது போக்குவரத்துத் துறை. அஞ்சலில் எதைச் சேர்க்கலாம் என்று முடிவுசெய்வது அஞ்சல் துறை. இவ்விரண்டையும் அந்தத் தீர்ப்பு தொடவே இல்லை. தவிரவும் அது கலவை எரிபொருளுக்கு மட்டுமானது. உங்கள் தோழரிடம் உள்ள எஸ்டெஸ் மோட்டார்களில் இருப்பது கருமருந்து. கருமருந்து இன்றும் வெடிபொருள் பட்டியலில்தான் இருக்கிறது. 62.5 கிராமுக்கு மேற்படாத எரிபொருள் கொண்ட மாதிரி ராக்கெட் மோட்டார்களுக்குத் தனி விலக்கு இருப்பதால்தான் அவற்றை நாம் கடையில் சாதாரணமாக வாங்க முடிகிறது.

போக்குவரத்துத் துறையின் அபாயப் பொருள் அட்டவணையில் 'மாதிரி ராக்கெட் மோட்டார்' என்ற பெயரிலேயே இரண்டு பதிவுகள் உள்ளன: என்.ஏ. 0276 என்ற எண்ணில் 1.4சி பிரிவாகவும், என்.ஏ. 0323 என்ற எண்ணில் 1.4எஸ் பிரிவாகவும். இரண்டுமே வெடிபொருள் வகுப்பின் உட்பிரிவுகள். சில சிறிய மோட்டார்களை 4.1, அதாவது தீப்பற்றும் திடப்பொருள், என்ற வகுப்பில் கொண்டுசெல்ல அவற்றின் உற்பத்தியாளர்கள் ஒப்புதல் பெற்றிருக்கிறார்கள். எந்த மோட்டார் எந்த வகுப்பில் சேரும் என்பதை, உற்பத்தியாளர் சோதனைக்குக் கொடுத்துப் பெற்ற ஒப்புதல் எண்ணே தீர்மானிக்கிறது. அந்த ஒப்புதலும் குறிப்பிட்ட விதத்தில் பொதியப்பட்ட பொருளுக்கானது. தொழிற்சாலையிலிருந்து வந்த பெட்டியைப் பிரித்து, சி6 பத்தையும் டி12 பதினைந்தையும் ஜி மூன்றையும் ஒரு செருப்புப் பெட்டியில் போட்டுக் கட்டினால், அந்தப் பெட்டியை அந்த ஒப்புதல் காப்பாற்றாது.

இனி அஞ்சல் துறை. வெடிபொருள்களை அஞ்சலில் சேர்க்கக்கூடாது என்பதே அதன் பொது விதி. சிறிய மோட்டார்களுக்கு ஒரு குறுகிய விலக்கு உண்டு. ஆனால் முன்கூட்டியே எழுத்து வடிவில் அனுமதி பெற்றவருக்கு, உள்நாட்டுக்குள், தரைவழியில் மட்டுமே அது பொருந்தும். மீறி அனுப்பினால் உரிமையியல் அபராதம் ஒவ்வொரு மீறலுக்கும் 250 டாலரில் தொடங்கி 1,00,000 டாலர் வரை போகும். சேதத்தைச் சரிசெய்யும் செலவு அதற்கும் மேல். குற்றவியல் சட்டத்தின் 18ஆம் தலைப்பு 1716ஆம் பிரிவின்படி, அனுப்பத் தகாதது என்று தெரிந்தே அஞ்சலில் சேர்த்தால் ஓராண்டு வரை சிறை விதிக்கலாம். ஆகவே உங்களை எச்சரித்த மூன்றாமவர் மிகைப்படுத்தவில்லை.

கரியும்_கந்தகமும்

மேலே எழுதியவரின் அறிவை மதிக்கிறேன். ஆனால் நடைமுறையையும் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு சி6 மோட்டாரில் இருக்கும் கருமருந்து 11 கிராமுக்கும் குறைவு. அதைச் சுற்றித் தடித்த காகிதக் குழாய் இருக்கிறது. தீ வைத்தாலொழியப் பற்றாது. ஒவ்வொரு கடையிலும் கிடைக்கும் ஒன்றை அனுப்ப இவ்வளவு அனுமதிகளா? 'பொழுதுபோக்குப் பொருள்கள்' என்று எழுதுவது பொய்யும் அல்லவே. நம்மைப் போன்ற தனி ஆட்களைக் கசக்கிப் பிழிவதால் யாருக்கு நன்மை?

கிடங்குக்காரர்

நான் ஒரு தனியார் கிடங்கில் பன்னிரண்டு ஆண்டுகளாக அபாயப் பொருள்களைப் பொதிந்து அனுப்பும் வேலையில் இருக்கிறேன். மேலே கேட்ட நண்பருக்கு, கோபமில்லாமல் ஆனால் உறுதியாக, ஒரு பதில் சொல்ல விரும்புகிறேன்.

1996 மே 11ஆம் தேதி மயாமியிலிருந்து அட்லாண்டாவுக்குக் கிளம்பிய வேல்யூஜெட் 592 விமானம் எவர்கிளேட்ஸ் சதுப்பில் விழுந்து, அதில் இருந்த 110 பேரும் இறந்தார்கள். சரக்கறையில் ஏற்றப்பட்டிருந்த பழைய ஆக்சிஜன் உற்பத்திக் குப்பிகள் வழியில் இயங்கித் தீயை மூட்டியதுதான் காரணம். ஏற்றியவர்கள் கையில் இருந்த தாளில் அவை காலிக் குப்பிகள் என்று எழுதியிருந்தது. என் வேலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பெட்டிக்குள் இருப்பது ஆபத்தானதா என்பது ஒரு கேள்வி. பெட்டியைத் தூக்குகிறவருக்கு அது என்னவென்று தெரிகிறதா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. உண்மையான லேபிள் ஒட்டியிருந்தால் பெட்டி விமானத்தில் ஏறாது, சூடான குழாயருகே வைக்கப்படாது, தீப்பிடித்தால் அணைக்க வருகிறவர் அதற்கேற்றபடி அணுகுவார். 'பொழுதுபோக்குப் பொருள்கள்' என்ற இரண்டு சொற்கள் இவை அனைத்தையும் அவரிடமிருந்து மறைத்துவிடுகின்றன. அந்தச் சொற்கள் பொய்யல்ல என்பது உண்மைதான். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதுதான் தவறு.

விற்பனையாளர்கள் எப்படி அனுப்புகிறார்கள் என்று கேள்வி கேட்டவர் வியந்திருந்தார். அவர்களுடைய கூரியர் நிறுவனத்தோடு அபாயப் பொருள்களுக்கென்று தனி ஒப்பந்தம் இருக்கும். பொதிகிறவர்கள் பயிற்சி பெற்றவர்கள். அந்தப் பயிற்சியை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பெட்டி, உள்ளே வைக்கும் தடுப்பு, லேபிள், சரக்கோடு செல்லும் விவரத் தாள் எல்லாவற்றுக்கும் விதி உண்டு. நீங்கள் தனியாகச் செலுத்தும் ஹாஸ்மாட் (அபாயப் பொருள்) கட்டணம் அதற்காகத்தான். தனி ஆள் ஒருவர் கூரியர் கடையில் நின்று இதே பெட்டியை நீட்டினால், உள்ளிருப்பதை உண்மையாகச் சொன்ன கணமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்; அவர்கள் அப்படிச் செய்வதும் சரியே.

விமானப் பயணமும் வழியல்ல. கைப்பையிலும் சரி, சரக்காக ஒப்படைக்கும் பெட்டியிலும் சரி, ராக்கெட் மோட்டார்களுக்கு இடமில்லை.

கொலம்பஸ்வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. விதி கெடுபிடியானது என்று நினைத்திருந்த எனக்கு, அது யாரை முன்னிட்டு எழுதப்பட்டது என்பது இப்போதுதான் புரிகிறது. தபால் வழியை முற்றிலும் கைவிடுகிறேன். என் தோழர் அக்டோபரில் தம் தமக்கையைப் பார்க்க சின்சினாட்டிக்குக் காரிலேயே வருகிறார். அவர் தம் காரில் கொண்டுவந்து தந்தால் அதுவும் தவறாகுமா? கேசிங்கை மட்டுமாவது இப்போதே தபாலில் வரவழைக்கலாமா?

ஏவுதளத்தார்

கார் பயணம் நல்ல வழி. வணிக நோக்கமில்லாமல் ஒரு தனிநபர் தம் சொந்தக் காரில் அல்லது வாடகைக் காரில் கொண்டுசெல்வதைப் போக்குவரத்துத் துறையின் அபாயப் பொருள் விதிகளே வெளிப்படையாக விலக்கியிருக்கின்றன. கூட்டாட்சி விதித்தொகுப்பின் 49ஆம் தலைப்பில் 171.1 என்ற பிரிவில் அதைக் காணலாம். தோழர் உங்களுக்கு அன்பளிப்பாகத் தருவதால் அந்த விலக்கு அவருக்குப் பொருந்தும். வழிநெடுக விற்றுக்கொண்டு வந்தால் பொருந்தாது.

ஆனால் வெப்பத்தைக் குறித்து அவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கருமருந்து மோட்டாரில் மருந்தை மிகுந்த அழுத்தத்தில் திணித்து ஒரே கட்டியாக்கியிருப்பார்கள். கார் டிக்கியின் சூட்டில் விரிவதும் இரவில் குளிர்ந்து சுருங்குவதுமாக இருந்தால், கட்டியில் விரிசல் விழலாம். அல்லது அது காகிதக் குழாயின் சுவரிலிருந்து விட்டுப்போகலாம். அப்போது நெருப்பு ஒரு முகமாக எரியாமல் விரிசலுக்குள் பாய்ந்து, அழுத்தம் சட்டென்று ஏறி, ஏவுகோலின்மேலேயே மோட்டார் வெடித்துவிடும். டி12 போன்ற பெரிய கருமருந்து மோட்டார்களில் இதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு பையன் மூன்று வாரம் உட்கார்ந்து கட்டிய ராக்கெட் அன்று போயிற்று. எனவே டிக்கியில் வைக்காமல், மூடிய பெட்டியில் இட்டு, ஏசி ஓடும் இடத்தில் வைத்துக்கொண்டு வரட்டும். இரவு தங்கும் இடத்தில் காரிலேயே விட்டுவிட வேண்டாம். இக்னைட்டர்களை வேறு பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். அந்த மோட்டார்கள் ஏற்கெனவே பல கோடைகள் ஹூஸ்டன் கார் கொட்டகையில் கிடந்தவை என்றால் என் கருத்து வேறு: கருமருந்து மோட்டார்களைத் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்துவிடுங்கள். இருபத்தைந்து மோட்டார்களின் விலையைவிட உங்கள் மகளின் ராக்கெட்டும் அவள் நிற்கும் இடமும் முக்கியம். கலவை மோட்டார்கள் தண்ணீரில் கரையா. ஜி மூன்றையும் உங்கள் ஊர்ச் சங்கத்தில் அனுபவமுள்ளவரிடம் காட்டிக் கேளுங்கள்.

கிடங்குக்காரர்

கேசிங்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எரிபொருள் இல்லாத வெறும் அலுமினியக் குழாய் சாதாரண உலோகப் பொருள்தான், தாராளமாக அனுப்பலாம். முன்பு எரிந்த கரி ஒட்டியிருந்தால் கழுவித் துடைத்துக் காயவைத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுநிரப்புப் பொதியின் எரிபொருள் துண்டுகளோ பாராசூட் வெளிவரும் நேரத்தைத் தள்ளிப்போடும் தாமதத் துண்டோ பாராசூட்டைத் தள்ளும் கருமருந்துப் பொட்டலமோ உள்ளே கிடக்கிறதா என்று ஒருமுறை கழற்றிப் பார்ப்பது அவசியம். கேசிங்குக்குள் வைத்து மறந்துபோன பொருள்களை நான் பார்சல்களில் கண்டிருக்கிறேன். கேசிங்குக்குரிய ரப்பர் வளையங்களை அதே பெட்டியில் சேர்க்கலாம்.

கொலம்பஸ்வாசி

தோழரிடம் இன்று மாலையே பேசினேன். மோட்டார்கள் நான்கு கோடைகளாக ஏசி இல்லாத கார் கொட்டகையில்தான் இருந்திருக்கின்றன. கருமருந்து மோட்டார்களை வாளியில் ஊறவைக்கச் சம்மதித்துவிட்டார். ஜி மூன்றையும் ஹூஸ்டனிலேயே ஒரு சங்கத்தாரிடம் நேரில் காட்டப்போகிறார். கேசிங் மட்டும் திங்களன்று தபாலில் வருகிறது. டி12 புதிதாக ஒரு பொதி, இங்குள்ள கடையில் வாங்கிக்கொள்கிறோம்.