பிடித்த மீனை விட்டுவிடுவது பாதுகாப்பா, வதையா? (மாடிசன் ஆறு, மொன்டானா)

தூண்டில்_தாஸ்:
கூட்டாளிகளோடு அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துக்குப் போய் மாடிசன் ஆற்றில் ஃப்ளை ஃபிஷிங் (பூச்சி போலக் கட்டிய கொக்கியை வீசி மீன்பிடிப்பது) செய்துவிட்டு வந்தோம். 'மூன்று டாலர் பாலம்' என்ற இடத்துப் பக்கம் இடுப்பளவு தண்ணீரில், வழுக்கும் கல்மேல் காலை ஊன்றிக்கொண்டு, எல்க் மான் முடியில் கட்டிய பூச்சியை மிதக்கவிட்டால், பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு ரெயின்போ டிரவுட் மீன் சட்டென்று மேலே வந்து கவ்வும் பாருங்கள், அதற்காகவே மறுபடி போகலாம். பிடித்ததையெல்லாம் விட்டுவிட்டோம். திரும்பும்போது காரில் பெரிய சண்டை. எங்களில் ஒருவன் "தின்னாத மீனை எதற்குடா குத்துகிறீர்கள்" என்று ஆரம்பித்து ஏர்போர்ட் வரை விடவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மீன்குழம்பு:
உங்கள் நண்பர் சொன்னதுதான் சரி. பசிக்குப் பிடித்தால் ஒரு நியாயம் உண்டு. வாயில் முள்ளைக் குத்தி, அது திணறத் திணற இழுத்து, போட்டோவுக்குச் சிரித்துவிட்டு "போ ராசா" என்று ஆற்றில் விடுவீர்கள், அதற்குப் பெயர் பாதுகாப்பா? விளையாட்டு என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

கல்லாறு:
அண்ணே, அந்த ஆற்றின் கதை தெரியாமல் பேசுகிறீர்கள். பண்ணை மீனைக் கொண்டுவந்து கொட்டக் கொட்ட ஆற்றிலேயே பிறந்த மீன் குறைகிறது என்று டிக் வின்சென்ட் என்ற அரசு மீனியலாளர் இதே மாடிசனில்தான் கண்டுபிடித்தார். அதன்பிறகு 1974-இல் மொன்டானா தன் ஆறுகளில் பண்ணை டிரவுட் விடுவதையே நிறுத்தியது. ஆகவே நீங்கள் ஒன்றைப் பையில் போட்டால் அந்த இடத்துக்கு லாரியில் மீன் வராது, ஆறுதான் பெற்றுப்போட வேண்டும். 1990-களில் சுழல் நோய் வந்து ரெயின்போ குஞ்சுகள் வால் கறுத்து, வட்டமடித்தே செத்தன. அப்போதும் கொட்டவில்லை, பொறுத்திருந்தார்கள். அப்புறம் இந்த வதை விஷயம். எதிர்முள் இல்லாத கொக்கி பெரும்பாலும் உதட்டோரத்தில்தான் மாட்டும், கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீரைவிட்டுத் தூக்காமலே கழற்றிவிடலாம். புழு போட்டால்தான் தொண்டைவரை விழுங்கித் தொலைக்கும்.

மீன்குழம்பு:
ஆற்றிலேயே பிறந்த மீனா, ஆகா! பிரவுன் டிரவுட் 1883-இல் ஜெர்மனியிலிருந்து முட்டையாகக் கப்பலேறி அமெரிக்கா வந்தது. ரெயின்போ பசிபிக் பக்கத்து மீன். மாடிசனின் பூர்வகுடி, தாடைக்கடியில் சிவப்புக் கீற்று உள்ள கட்த்ரோட். அதை ஓரங்கட்டிய வந்தேறிகளைத்தான் நீங்கள் முத்தம் கொடுத்துத் திருப்பி விடுகிறீர்கள்.

கல்லாறு:
வந்தேறி என்று சொல்வது யார் பாருங்கள், எச்1பி-யில் வந்தவர்.

வெண்ணிலா_மிசௌலா:
இரண்டு பேரும் தண்ணீரின் சூட்டைப் பற்றிப் பேசவே இல்லை. தாஸ், எந்த மாதம் போனீர்கள்? மதியம் மூன்று மணிக்கு எத்தனை டிகிரி இருந்தது? சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. போராடிக் களைத்த டிரவுட் உங்கள் கண்முன்னே நன்றாக நீந்திப் போகும், ஒரு மணி நேரம் கழித்து எங்கோ கீழே செத்து மிதக்கும், நீங்கள் அதற்குள் பீர் குடித்துக்கொண்டிருப்பீர்கள். அதற்காகத்தான் இங்கே ஹூட் அவ்ல் தடை. மூன்று நாள் தொடர்ந்து 73 ஃபாரன்ஹீட், அதாவது கிட்டத்தட்ட 23 செல்சியஸ் தொட்டால், மதியம் இரண்டு முதல் நள்ளிரவு வரை தூண்டில் போடக்கூடாது. 2016 ஆகஸ்டில் யெல்லோஸ்டோன் ஆற்றில் ஒட்டுண்ணி நோய் வந்து வைட்ஃபிஷ் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது சுமார் 300 கிலோமீட்டர் ஆற்றையே மூடினார்கள்.

தூண்டில்_தாஸ்:
ஜூலைக் கடைசி. நாங்கள் போன நாட்களில் அங்கே எந்தத் தடையும் இல்லை அக்கா, விதிப்படிதான் பிடித்தோம்.

வெண்ணிலா_மிசௌலா:
விதி மூன்று நாள் பார்த்துவிட்டுத்தான் விழிக்கும். மீனுக்கு 20 செல்சியஸ் தாண்டினாலே கஷ்டம். சின்ன தெர்மாமீட்டர் ஒன்றைச் சட்டையில் மாட்டிக்கொண்டு, விடியற்காலை இறங்கி, வெயில் ஏறும்முன் கரையேறுங்கள். இல்லை, செப்டம்பரில் வாருங்கள்.

மீன்குழம்பு:
நான் சொல்வதையே சுற்றி வளைத்துச் சொல்கிறீர்கள். விட்டாலும் சாகிறது, அப்படியானால் தின்றுவிடலாமே! யெல்லோஸ்டோன் ஏரியில் விதியே என் பக்கம். யாரோ திருட்டுத்தனமாகக் கொண்டுபோய் விட்ட லேக் டிரவுட் அங்கே இருப்பது 1994-இல் தெரியவந்தது, அது கட்த்ரோட்டைத் தின்றே தீர்க்கிறது. கட்த்ரோட் முட்டையிட ஓடைகளில் ஏறும், கரடிக்குச் சாப்பாடு. லேக் டிரவுட் ஆழத்திலேயே கிடக்கும், கரடிக்கும் எட்டாது, மீன்பிடிக்கும் பருந்தான விரால் அடிப்பானுக்கும் எட்டாது. அதைப் பிடித்தால் கொன்றே ஆகவேண்டும். அடுத்த தடவை அங்கே போங்கள், மசாலா நான் அனுப்புகிறேன்.

கல்லாறு:
அதற்கு நானும் வருகிறேன். ஆனால் ஜூலைக் கடைசியில் ஃப்ளையை வைத்துக்கொண்டு அந்த ஆழத்துக்கு எப்படிப் போவீர்கள்? ஏரியில் பனிக்கட்டி உருகிய கையோடு கரையோரம் வரும், அப்போது பாருங்கள். கட்த்ரோட் மாட்டினால் உடனே விட்டுவிட வேண்டும், இரண்டையும் பிரித்தறியத் தெரியாமல் இறங்காதீர்கள். சமைக்க மனசில்லையென்றால் லேக் டிரவுட்டின் காற்றுப்பையைக் குத்தி ஆழத்தில் போட்டுவிடச் சொல்கிறது விதி. கரையில் போட்டுவிட்டு வந்தால் கரடி வரும்.