சட்டக் கல்லூரி பக்கத்தில் இருக்க, நாவல ஏன்?

கொழும்பு புதுக்கடையில், காணி உறுதிகள் எழுதும் ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். ஐம்பதைத் தாண்டிய பிறகு சட்டமாணி (சட்ட இளநிலைப் பட்டம்) படிக்க நாவலயில் இருக்கும் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். தெரிந்தவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்கள். சட்டக் கல்லூரி கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது நாவல வரைக்கும் ஏன் போகிறீர்கள்?

1874இல் தொடங்கிய சட்டக் கல்லூரி மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. சட்டத்தரணியாக விரும்புகிறவர்கள் அங்கே போக வேண்டும். எனக்கு நீதிமன்றத்தில் ஏறி வாதாடும் ஆசை இருக்கவில்லை. ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டியிருந்தது.

அந்தக் கேள்வியைக் கொண்டுவந்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் மகளுடன் தங்கியிருந்த ஓர் அம்மா. சீதனமாகக் கிடைத்த காணியை விற்க வந்திருந்தார். கணவர் பிரிந்துபோய் வெகுகாலம். உறுதி எழுதக் கணவரின் சம்மதம் வேண்டும் என்று எங்கள் நொத்தாரிசு சேர் சொன்னதும் அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "என்னுடைய அம்மா எனக்குத் தந்த காணி, பிள்ளை. அதற்கு அவர் எதற்குக் கையெழுத்து வைக்க வேண்டும்?" நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக அனுமதி பெறலாம் என்று சேர் வழி சொல்லி அனுப்பினார். வழி கிடைத்தது. "எதற்கு" என்பதற்குப் பதில் கிடைக்கவில்லை.

எனக்குப் படிப்பு புதிதல்ல. 1983இல் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தபோது ஜூலைக் கலவரம் வந்தது. கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனோம். பாடசாலை அத்தோடு நின்றது, வாசிப்பு நிற்கவில்லை. கொழும்புக்குத் திரும்பிய பிறகு பொது நூலகம்தான் என் வகுப்பறை. அந்த அம்மாவின் காணிக்குப் பொருந்தும் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை பற்றிக் கிடைத்ததையெல்லாம் அங்கேதான் படித்தேன். ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸின் கட்டளைப்படி கிளாஸ் ஐசாக்ஸ் என்ற யாழ்ப்பாணத் திசாவை (மாகாண நிர்வாகி) அதை 1707இல் தொகுத்தார். தமிழ் மொழிபெயர்ப்பைப் பன்னிரண்டு முதலியார்கள், அதாவது உள்ளூர்த் தமிழ்த் தலைவர்கள், பார்த்து ஒப்புக்கொண்டார்கள். 1806இல் ஆங்கிலேயர் அதைச் சட்டமாக ஏற்றார்கள். மனைவி தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் சம்மதம் வேண்டும் என்பது 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்திலும் இருக்கிறது.

இவ்வளவும் தெரிந்தும் எனக்கு நிறைவில்லை. தனியாகப் படிப்பவர்களுக்கு ஒரு குறை உண்டு. இதை வாசிக்கும் பலர் உணர்ந்திருப்பீர்கள். நாம் புரிந்துகொண்டது சரிதானா என்று சொல்ல ஆள் இருப்பதில்லை. நூலகம் கொடுக்கும், திருப்பிக் கேட்காது. நான் எழுதியதை ஒருவர் வாசித்து "இது போதாது" என்று சொல்ல வேண்டும் என்று ஏங்கினேன்.

திறந்த பல்கலைக்கழகம் என்னை இழுத்தது அதனால்தான். பாடங்கள் அச்சிட்ட நூல்களாகக் கைக்கு வருகின்றன. இரவில் சமையலறை மேசையில் படிக்கலாம். ஒப்படை எழுதிக் கொடுத்தால் திருத்தம் வருகிறது. என்னால் தமிழில் எழுத முடிந்தது. வேலையை விட வேண்டியதில்லை. வயது ஒரு தடையில்லை. 1980இல் அது தொடங்கப்பட்டதே என்னைப் போன்றவர்களுக்காக என்று நான் உரிமையோடு நம்புகிறேன்.

விடுமுறை நாட்களில் வகுப்பு இருந்தால் 176 பஸ்ஸில் ஏறிப் பொரளை, ராஜகிரிய கடந்து போய் இறங்குவேன். கூடப் படித்த பிள்ளைகள் "அன்ரி" என்று அழைத்து எனக்கு முன்வரிசையில் இடம் பிடித்து வைப்பார்கள். உறுதி எப்படி எழுதப்படுகிறது என்று அவர்கள் கேட்பார்கள்; தீர்ப்புகளை எப்படிச் சுருக்குவது என்று நான் அவர்களிடம் கேட்பேன்.

தேசவழமை பற்றிய என் ஒப்படை ஒன்று திரும்பி வந்தபோது ஓரத்தில் விரிவுரையாளர் எழுதியிருந்தார்: "பன்னிரண்டு முதலியார்கள் ஒப்புக்கொண்டார்கள் என்கிறீர்கள். பெண்கள் எவரிடமாவது கேட்டார்களா?"

எத்தனையோ வருடங்களாக நான் படித்து வந்த வரி அது. அந்தக் கோணத்தில் அதை எந்தப் புத்தகமும் எனக்குத் திறந்து காட்டவில்லை. அன்று இரவே தொடக்கத்திலிருந்து மீண்டும் எழுதினேன். அதற்கு மதிப்பெண் கிடையாது என்று தெரிந்தும் விரிவுரையாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதையும் வாசித்தார், இன்னும் இரண்டு கேள்விகள் கேட்டார். அவற்றில் ஒன்றுக்கு இப்போதும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சேர யோசிப்பவர்களுக்கு: உயர்தரம் இல்லை என்பதற்காகப் பின்வாங்க வேண்டாம், அடித்தளக் கற்கைநெறி வழியாக உள்ளே வரலாம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நிலையங்கள் இருக்கின்றன. சட்டம்தான் படிக்க வேண்டும் என்றில்லை. பொறியியல், கல்வியியல், முகாமைத்துவம் எல்லாம் இருக்கின்றன. ஒப்படைகளைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். திருத்தி வரும் தாளை ஆறுதலாக வாசிக்க நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.